எஸ்கேப்பை எப்போது அழுத்துவது?

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பைதான்தான் அதிகம். வாரத்தில் பாதி நாள் வாடிக்கையாளரின் சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து விம் எடிட்டரில்தான் திருத்த வேண்டும். அங்கே எதையும் இன்ஸ்டால் செய்ய அனுமதி இல்லை. இரண்டு வருடமாகியும் வேகம் வரவில்லை. ஃபைலைத் திறந்ததும் ‘ஐ’ அழுத்துவேன், வேலை முடிந்து சேவ் செய்யும்போதுதான் எஸ்கேப். ஷார்ட்கட் பட்டியலை பிரின்ட் எடுத்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். இணையத்தில் கிடைத்த 300 வரி கான்ஃபிக்கையும் போட்டிருக்கிறேன். போன வாரம் ஒரு ஃபங்ஷன் பெயரை 38 ஃபைல்களில் மாற்ற அரை நாள் போனது. பேஸ்ட் செய்தால் யாமல் ஃபைல் படிக்கட்டு மாதிரி ஆகிறது. சில சமயம் திரை உறைந்துவிடுகிறது. தமிழில் மெசேஜ் அடித்துவிட்டு எஸ்கேப் போட்டால் எந்தக் கமாண்டும் வேலை செய்வதில்லை. விஎஸ் கோட்டுக்கே போய்விடலாமா?

பதில்: உங்கள் லேப்டாப்பில் ஓடும் ப்ராஜெக்டுக்குத் தாராளமாகப் போகலாம். நல்ல எடிட்டர், விம் விசைகளைத் தரும் எக்ஸ்டென்ஷனும் அதில் உண்டு. ஆனால் அந்தச் சர்வர் நாட்களுக்கு அது உதவாது. எஸ்எஸ்ஹெச் வழியாக வேலை செய்யும் அதன் ரிமோட் வசதிகூட, சர்வர் பக்கம் தனக்கென்று ஒரு ப்ரோகிராமை இறக்கி வைத்துத்தான் ஓடும். உங்களுக்கு அங்கே அனுமதி இல்லை. ஆகவே பாதி வாரம் விம்தான் என்று வைத்துக்கொண்டு பேசுவோம்.

முதலில் அந்த ஷார்ட்கட் பட்டியலைக் கழற்றிவிடுங்கள். உங்கள் சிக்கல் கமாண்ட் தெரியாதது இல்லை. ‘திறந்ததும் ஐ, சேவ் செய்யும்போது எஸ்கேப்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியில்தான் அரை நாள் போன காரணமும் இருக்கிறது. ‘ஐ’ அழுத்தியது முதல் எஸ்கேப் வரை நீங்கள் தட்டியதை விம் ஒரே மாற்றமாகக் கணக்கு வைக்கும். அந்த மாற்றம் சின்னதாக இருந்தால் அதைத் திரும்பச் செய்யச் சொல்லலாம், தனியாக ரத்து செய்யலாம். அரை மணி நேரம் நீண்டால் இரண்டும் முடியாது.

மேலே போகுமுன் எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை. விசைகளை ஒலிப்படி எழுதுகிறேன். ‘சி ஐ டபிள்யூ’ என்றால் மூன்று விசைகள், ஒன்றன்பின் ஒன்றாக. ஷிஃப்ட்டோடு அழுத்துவது ‘பெரிய என்’. டி என்றால் டெலிட்டின் முதலெழுத்து, டீ என்றால் டில்லின் முதலெழுத்து. விசையாகப் பி என்று வந்தால் அது பேஸ்ட். கமாண்ட் சொற்களையும் ஒலிப்படியே தந்திருக்கிறேன், ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். இன்சர்ட் மோடில், அதாவது ‘ஐ’ அழுத்திய பின் எழுத்து விழும் நிலையில், ஐந்து வரி அடியுங்கள், நடுவில் எஸ்கேப் வேண்டாம், அம்பு விசையையும் தொட வேண்டாம். பிறகு எஸ்கேப், ‘யூ’. ஐந்து வரியும் ஒரேயடியாகப் போய்விடும். கன்ட்ரோல் ஆர் அழுத்தினால் திரும்பி வரும். இப்போது அதே ஐந்து வரியை அடிக்கும்போது இடையில் அம்பு விசையால் ஒருமுறை மேலே போய் ஒரு எழுத்தைத் திருத்துங்கள். எஸ்கேப் போட்டுப் புள்ளி விசையை அழுத்தினால் அம்புக்குப் பிறகு தட்டிய அந்த ஒற்றை எழுத்து மட்டும் திரும்ப வரும். இன்சர்ட் மோடில் அம்பு விசை தொட்ட கணமே விம் பழைய மாற்றத்தை முடித்துப் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடுகிறது. புள்ளி விசை உங்களுக்கு இதுவரை உதவாததற்கு இதுதான் காரணம்.

புள்ளிதான் விம்மின் உயிர்நாடி. கடைசியாகச் செய்த மாற்றத்தை இப்போது கர்சர் இருக்கும் இடத்தில் திரும்பச் செய்யும், அவ்வளவுதான். அதற்கேற்றபடி மாற்றத்தை அமைத்துக்கொடுப்பது உங்கள் வேலை. ஒரு வரியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்:

அனுப்பு("பழைய முகவரி", 3)

கர்சர் வரியின் தொடக்கத்தில் நிற்கிறது. உங்கள் வழக்கப்படி என்றால் ‘ஐ’, வலது அம்பைப் பிடித்துக்கொண்டே மேற்கோளுக்குள் போவது, பேக்ஸ்பேஸ், புதிய முகவரி. இதே மாதிரி இன்னும் பத்து வரி இருந்தால் பத்து முறையும் இதேதான். அதற்குப் பதில் நார்மல் மோடில், அதாவது எஸ்கேப் போட்ட பின் விசைகள் கமாண்டாகும் நிலையில், ‘சி ஐ "’ என்று மூன்று விசை அழுத்துங்கள். சி என்றால் மாற்று. ஐ என்றால் உள்ளே. மேற்கோள் எதன் உள்ளே என்பதைச் சொல்கிறது. கர்சர் மேற்கோளுக்குள் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதே வரியில் அதற்கு முன்னால் நின்றாலும் விம் தானே தேடிப் போய் உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டு இன்சர்ட் மோடில் விடும். புதிய முகவரியை அடியுங்கள், எஸ்கேப். அடுத்த வரிக்கு ‘ஜே’, பிறகு புள்ளி. அதற்கடுத்ததற்கும் ஜே, புள்ளி. வரிக்கு இரண்டு விசை.

இதில் ஒரு பொறி உண்டு. ஒரே வரியில் இரண்டு மேற்கோள் சொற்கள் இருந்து, கர்சர் அவற்றுக்கு நடுவில் உள்ள காற்புள்ளியில் நின்றால், முதல் சொல்லின் மூடும் குறியையும் இரண்டாவதன் திறக்கும் குறியையும் ஜோடியாக எடுத்துக்கொண்டு விம் காற்புள்ளியைத்தான் தின்னும். சந்தேகமாக இருந்தால் 0 அழுத்தி வரியின் தொடக்கத்துக்குப் போய்விட்டுச் செய்யுங்கள். இரண்டாவது சொல்தான் வேண்டும் என்றால் ‘எஃப்’ தேடலால் (எஃப் போட்டு ஒரு எழுத்தைத் தட்டினால் கர்சர் அதே வரியில் அந்த எழுத்துக்குத் தாவும்) அதற்குள் போய் நின்றுகொள்ளுங்கள்.

இந்த ‘ஐ’யும் அதன் தோழன் ‘ஏ’யும்தான் கற்க வேண்டியவை. ‘சி ஐ (’ அடைப்புக்குள் இருக்கும் ஆர்க்யூமென்ட்களை மாற்றும். ‘டி ஏ டபிள்யூ’ சொல்லைப் பக்கத்து இடைவெளியோடு நீக்கும். ‘ஒய் ஐ {’ பிரேஸுக்குள் இருப்பதை நகலெடுக்கும். ‘டி ஏ பி’ ஒரு பத்தியை, அதாவது வெற்று வரிகளுக்கு இடைப்பட்டதை, நீக்கும். (இப்படி ‘ஐ’, ‘ஏ’ இவற்றுக்குப் பின் வரும்போது மட்டும் பி என்பது பாராவுக்கு.) செயல் மூன்று, இடம் ஏழெட்டு. இரண்டையும் கலந்தால் இருபதுக்கு மேல் வருகிறது. தமிழில் வினையும் பெயரும் தெரிந்தால் வாக்கியத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை அல்லவா, அதே கணக்கு.

பைதானில் இன்னொன்று: நீங்கள் உள்தள்ளலோடு போராடுவீர்கள். ‘>’ இரண்டு முறை ஒரு வரியைத் தள்ளும், ‘> ஐ பி’ ஒரு பத்தியையே தள்ளும், போதாவிட்டால் புள்ளி. எவ்வளவு தள்ள வேண்டும் என்பது ‘ஷிஃப்ட்விட்த்’ மதிப்பில் இருக்கிறது. அது இயல்பாக 8. பைதான் ஃபைலில் 4 ஆக்காவிட்டால், அதோடு ‘எக்ஸ்பேண்ட்டேப்’ போடாவிட்டால், தாவல் குறியும் வெற்றிடமும் கலந்து பைதான் 3 ஃபைலையே ஏற்க மறுக்கும்.

எஸ்கேப்பை அடிக்கடி அழுத்தச் சொல்கிறேன், விரல் வலிக்குமே என்பீர்கள். நியாயம். பில் ஜாய் 1976-இல் பெர்க்லியில் வி-ஐ எடிட்டரை எழுதியபோது அவர் முன் இருந்தது ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினல். அதில் எஸ்கேப் விசை இன்றைய கீபோர்டில் டேப் இருக்கும் இடத்தில் இருந்தது. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறி அச்சடித்திருந்தது. அந்த கீபோர்டு போய்விட்டது, பழக்கம் மட்டும் நம்மிடம் மிஞ்சியிருக்கிறது. உங்கள் லேப்டாப்பில் கேப்ஸ்லாக்கை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கீபோர்டு அமைப்பிலேயே முடியும், சர்வரில் எதையும் தொட வேண்டியதில்லை. இல்லையென்றால் கன்ட்ரோலோடு [ அழுத்துங்கள். டெர்மினலுக்கு அதுவும் எஸ்கேப்பும் ஒன்றே. கன்ட்ரோல் சி-யும் இன்சர்ட் மோடிலிருந்து வெளியே கொண்டுவரும், ஆனால் அது முழுப் பதிலி ஆகாது. பல வரிகளை நெட்டாகத் தேர்ந்தெடுக்கும் விஷுவல் பிளாக்கில் பத்து வரிக்கு முன்னால் கமென்ட் குறி சேர்க்கும்போது கன்ட்ரோல் சி போட்டால் முதல் வரியில் மட்டும் குறி விழும், மற்ற ஒன்பதும் அப்படியே இருக்கும்.

எஸ்கேப் போட்டதும் அரை விநாடி தயங்குகிறதா? ஒரே டெர்மினலில் பல திரைகளைத் தரும் டீமக்ஸ் உள்ளே இருக்கிறீர்களா என்று பாருங்கள். அதன் ‘எஸ்கேப்-டைம்’ பல பதிப்புகளில் இயல்பாக 500 மில்லி விநாடி. 10 ஆக்கினால் தயக்கம் போய்விடும்.

இனி அந்த 38 ஃபைல் விவகாரம். இதற்குத்தான் உங்களுக்கு முழு வழி தேவை.

ஒரே ஃபைலுக்குள் என்றால் இப்படி: மாற்ற வேண்டிய சொல்லில் கர்சரை வைத்து * அழுத்துங்கள். விம் அந்தச் சொல்லை முழுச்சொல்லாகத் தேடி அடுத்த இடத்துக்குத் தாவும். ‘பெரிய என்’ போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வாருங்கள். பிறகு ‘சி ஜி என்’, புதிய பெயர், எஸ்கேப். இப்போது புள்ளி அழுத்தினால் அடுத்த பொருத்தத்துக்கு அதுவே போய் மாற்றும். பார்த்து மாற்ற வேண்டும் என்றால் ‘என்’ அழுத்தி அடுத்ததைப் பாருங்கள், வேண்டுமா, புள்ளி, வேண்டாமா, இன்னொரு ‘என்’. இது விம் 7.4-இலேயே இருக்கிறது, ஆகவே சென்ட்ஓஎஸ் 7 மாதிரி பழைய சர்வரிலும் கிடைக்கும்.

பல ஃபைல் என்றால் வரிசை இது. முதலில் கிட்டில் எல்லாவற்றையும் கமிட் செய்துவிடுங்கள். மாற்றம் தப்பினால் திரும்ப ஓரிடம் வேண்டும். ப்ராஜெக்டின் மூல அடைவில் நின்று விம்மைத் திறவுங்கள். அங்கே

:செட் க்ரெப்பிஆர்ஜி=கிட்\ க்ரெப்\ -என்

என்று கொடுங்கள். இடைவெளிக்கு முன் அந்தச் சாய்கோடு கட்டாயம், இல்லாவிட்டால் விம் முதல் சொல்லோடு நின்றுவிடும். கிட் க்ரெப் என்பதால் கிட் கண்காணிக்கும் ஃபைல்களில் மட்டும் தேடும். லாக் ஃபைலும் விர்ச்சுவல் என்விரான்மென்டும் உள்ளே வராது. அடுத்து

:க்ரெப் -டபிள்யூ பழையபெயர்

இந்த -டபிள்யூ முழுச்சொல் மட்டும் என்பதற்கு. கிடைத்த இடங்கள் எல்லாம் குவிக்ஃபிக்ஸ் பட்டியலில் சேரும். ‘:சிஓப்பன்’ போட்டுப் பட்டியலை ஒருமுறை கண்ணால் ஓட்டுங்கள். இந்த நிலையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். தொடர்பில்லாத வேறு கிளாஸில் அதே பெயரில் ஒரு மெத்தட் இருந்தால் இங்கேதான் தெரியும். பிறகு

:சிஎஃப்டூ %எஸ்/\<பழையபெயர்\>/புதியபெயர்/ஜிசிஇ | அப்டேட்

கடைசி மூன்று எழுத்துகளைக் கவனியுங்கள். ‘ஜி’ ஒரு வரியில் எத்தனை இடமிருந்தாலும் மாற்றும். ‘சி’ ஒவ்வொன்றையும் காட்டிக் கேட்கும்: ‘ஒய்’ ஆம், ‘என்’ இல்லை, ‘ஏ’ இந்த ஃபைலில் மீதி எல்லாம், ‘க்யூ’ இந்த ஃபைலை விடு. ‘இ’ இல்லாமல் விட்டால், ஏதாவது ஒரு ஃபைலில் பொருத்தம் கிடைக்காதபோது பிழை காட்டி மொத்த ஓட்டமும் அங்கேயே நின்றுவிடும். ‘அப்டேட்’ மாற்றம் நடந்த ஃபைலை மட்டும் சேவ் செய்யும். அது இல்லையென்றால் இரண்டாவது ஃபைலுக்குப் போகும்போதே ‘சேவ் செய்யவில்லை’ என்று மறுக்கும். சிஎஃப்டூவுக்குப் பதில் சிடூ என்று ஒன்றும் உண்டு. அது ஃபைலுக்கு ஒருமுறை ஓடாமல் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை ஓடும். % போட்ட கமாண்டோடு அதைச் சேர்த்தால் ஒரே ஃபைலை வீணாகத் திரும்பத் திரும்ப அலசும். இரண்டும் விம் 8 முதல் நிச்சயம் உண்டு.

முடிந்ததும் வெளியே வந்து கிட் டிஃப். 38 ஃபைலுக்கும் சேர்த்துப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

ஆனால் இது எழுத்தைப் பார்த்துத்தான் மாற்றுகிறது. நிரலின் பொருள் அதற்குத் தெரியாது. உங்கள் சொந்தக் கணினியில் விம்மின் கிளையான நியோவிம் வைத்து, நிரலைப் புரிந்துகொள்ளும் துணை ப்ரோகிராமான பைதான் லாங்குவேஜ் சர்வரை இணைத்தால் பெயர் மாற்றத்தை அது ஸ்கோப் பார்த்துச் செய்யும். நியோவிம் 0.5-இலிருந்து அதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது, 0.11-இல் ‘ஜி ஆர் என்’ என்ற விசையே தந்துவிட்டார்கள். ஃபங்ஷன் பெயரைப் பொறுத்தவரை முடிந்தால் அங்கே மாற்றுங்கள். கான்ஃபிக் ஃபைல், டெம்ப்ளேட், மேற்கோளுக்குள் இருக்கும் பெயர், இவற்றை லாங்குவேஜ் சர்வர் தொடாது. அந்த மிச்சத்துக்குக் குவிக்ஃபிக்ஸ் வழி.

மேக்ரோ, அதாவது விசைகளைப் பதிவு செய்து திரும்ப ஓட்டுவது, பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. புள்ளியும் ‘சி ஜி என்’னும் கைக்கு வந்த பிறகு மேக்ரோவுக்கு வேலை குறைவு.

உங்களை இதுவரை எரிச்சலூட்டியிருக்கக்கூடிய ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு சொல்லை ‘ஒய்’ போட்டு நகலெடுத்து, வேறிடத்தில் பழைய சொல்லை டெலிட் செய்து, பி அழுத்தினால் டெலிட் செய்ததே திரும்ப வந்து உட்காரும். விம்மில் டெலிட்டும் ஒரு கட்தான். நீக்கியது அதே ரெஜிஸ்டரில், அதாவது விம் நகலை வைக்கும் பெட்டியில், போய் நகலெடுத்ததை மிதித்துவிடுகிறது. ஆனால் கடைசியாக ஒய் போட்டது எண் 0 ரெஜிஸ்டரில் பத்திரமாக இருக்கும், டெலிட் அதைத் தொடாது. ‘" 0 பி’ என்று ஒட்டுங்கள். இன்னும் நல்ல வழி: பழைய சொல்லில் ‘சி ஐ டபிள்யூ’, உடனே கன்ட்ரோல் ஆர், 0, எஸ்கேப். இதையும் புள்ளியால் திரும்பச் செய்யலாம்.

பேஸ்ட் செய்தால் படிக்கட்டு ஆவதற்குக் காரணம் எளிது. டெர்மினலில் நீங்கள் ஒட்டும்போது, அது ஒட்டியதா யாரோ படுவேகமாகத் தட்டியதா என்று விம்முக்குத் தெரியாது. ஒவ்வொரு வரி முடிவிலும் ஆட்டோஇன்டென்ட் முந்தைய வரியின் உள்தள்ளலைப் போடும். ஒட்டும் வரியிலோ அதன் சொந்த உள்தள்ளல் இருக்கிறது. இரண்டும் கூடிக்கூடி வலப்பக்கம் ஓடும். நடுவில் ஒரு கமென்ட் வரி வந்தால் அதற்குப் பின் வரும் எல்லா வரிக்கும் # ஒட்டிக்கொள்வதும் இதே வகைதான். ஒட்டுவதற்கு முன் ‘:செட் பேஸ்ட்’, ஒட்டிய பின் ‘:செட் நோபேஸ்ட்’. இரண்டாவதை மறந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இன்சர்ட் மோட் மேப்பிங்கும் தானியங்கி உள்தள்ளலும் வேலை செய்யாது, ஏன் என்றும் புரியாது. விம் 8 முதல் டெர்மினலே ‘இது பேஸ்ட்’ என்று அறிவிக்கும் முறை வந்துவிட்டது. ஆனால் ஸ்கிரீன், டீமக்ஸ் உள்ளே பழைய விம் ஓடினால் அந்த அறிவிப்பு போய்ச் சேராமல் இருக்கலாம். மறதிக்கு இடமே தராத வழியும் ஒன்று உண்டு: நார்மல் மோடில் ‘:ஆர் !கேட்’ என்று கொடுத்து என்டர், அங்கே ஒட்டுங்கள், வரி முடிவில் என்டர், பிறகு கன்ட்ரோல் டி. ஒட்டியது விம்மின் இன்சர்ட் மோடைத் தொடாமலே உள்ளே வந்துவிடும். இது டெர்மினல் விம்மில் நடக்கும், நியோவிம்மில் நடக்காது.

திரை உறைவது விம்மின் குற்றமே இல்லை. வேறு எடிட்டர் பழக்கத்தில் சேவ் செய்ய கன்ட்ரோல் எஸ் அழுத்தியிருப்பீர்கள். டெர்மினலுக்கு அது ‘திரைக்கு அனுப்புவதை நிறுத்து’ என்று பொருள். கன்ட்ரோல் க்யூ அழுத்தினால் விடும். உறைந்திருந்தபோது பதற்றத்தில் தட்டிய விசைகள் வீணாகியிருக்காது, விம்முக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே விடுபட்டதும் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்து ‘யூ’ போடுங்கள். நிரந்தரத் தீர்வு, ஷெல்லின் தொடக்க ஃபைலில் ‘எஸ்டீடீஒய் -ஐக்ஸான்’ என்ற ஒரு வரி. கன்ட்ரோல் இசட் வேறு வகை: அது விம்மைப் பின்னணியில் தூங்க வைத்துவிட்டு ஷெல்லைக் காட்டும். செத்துவிட்டது என்று நினைத்து அதே ஃபைலை மறுபடி திறப்பார்கள், ஸ்வாப் ஃபைல், அதாவது விம்மின் தற்காலிக நகல், ஏற்கனவே இருக்கிறது என்று இ325 என்ற பெரிய எச்சரிக்கை வரும். ‘எஃப்ஜி’ என்று அடித்தால் தூங்கும் விம் எழுந்து வரும்.

இ325 பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு டெலிட் கொடுக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அந்த அறிவிப்பில் ப்ராசஸ் எண்ணுக்குப் பக்கத்தில் ‘இன்னும் ஓடுகிறது’ என்று இருந்தால் ‘க்யூ’ போட்டு வெளியேறி, ஓடுகிற விம்மைத் தேடுங்கள். அப்படி இல்லை, இணைப்பு அறுந்ததால் வந்தது என்றால் ‘ஆர்’ கொடுத்து மீட்டெடுங்கள். மீட்டதை வேறு பெயரில் சேவ் செய்து மூல ஃபைலோடு ஒப்பிடுங்கள். சரியென்று உறுதியான பிறகு ஸ்வாப் ஃபைலை நீக்குங்கள். விம் 200 எழுத்து தட்டியதும் அல்லது 4 விநாடி சும்மா இருந்ததும் ஸ்வாப்பில் எழுதிவிடும். ஆகவே போயிருப்பது பெரும்பாலும் கடைசிச் சில சொற்கள்தான்.

சர்வரில் அம்பு விசை அழுத்தினால் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் விழுகின்றனவா? அப்படியென்றால் அங்கிருப்பது டைனி என்ற குறுக்கப்பட்ட விம், பழைய வி-ஐ போல நடிக்கும் நிலையில் ஓடுகிறது. ‘:செட் நோகம்பேட்டிபிள்’ அந்தத் தொல்லையைத் தீர்க்கும். பழைய டைனி பதிப்புகளில் மேலே சொன்ன ‘சி ஐ "’ வகையே இருக்காது. ‘:வெர்ஷன்’ கொடுத்தால் டெக்ஸ்ட்ஆப்ஜெக்ட்ஸ் என்பதற்கு முன் கழித்தல் குறி தெரியும். அங்கே ‘எஃப் "’ போட்டு மேற்கோளுக்குப் போய், ‘எல்’ போட்டு ஒரு எழுத்து நகர்ந்து, ‘சி டீ "’ என்று அடுத்த மேற்கோள் வரை மாற்றுங்கள். மூன்று விசை கூடுதல், ஆனால் எந்தக் காலத்து வி-ஐயிலும் செல்லும்.

அந்த 300 வரி கான்ஃபிக்கை என்ன செய்வது? வேறு பெயரில் மாற்றி வையுங்கள். ஒரு மாதம் அது இல்லாமல் இருங்கள். சர்வரில் எப்படியும் அது கிடையாது. இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும் எடிட்டரில் கைப்பழக்கம் படியவே படியாது. புதிய ஃபைலில் முதல் வரியாக விம்மின் ‘டிஃபால்ட்ஸ்’ ஃபைலை சோர்ஸ் செய்யுங்கள். விம் 8 முதல், உங்களுக்கென்று ஒரு கான்ஃபிக் இருந்தால் அந்த இயல்பு அமைப்பை விம் ஏற்றாது. ‘கான்ஃபிக் போட்டேன், வண்ணம் போய்விட்டது’ என்ற புகாருக்கு இதுதான் காரணம். அதற்குக் கீழே உள்தள்ளல் மூன்று வரி, தேடலில் பொருத்தங்களை நிறமிட்டுக் காட்ட ஒரு வரி, அன்டூஃபைல் ஒரு வரி, அன்டூடிர் ஒரு வரி. கடைசி இரண்டும் இருந்தால் ஃபைலை மூடித் திறந்தாலும் ‘யூ’ பழைய மாற்றங்களுக்குப் போகும். ‘:எர்லியர் 10எம்’ என்று பத்து நிமிஷம் பின்னோக்கியும் போகலாம். அன்டூடிர் அடைவை விம் தானாக உருவாக்காது, நீங்களே உருவாக்கி 700 அனுமதி போடுங்கள். கடவுச்சொல் இருந்து நீக்கிய ஃபைலின் வரலாறும் அங்கே தங்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒப்பீட்டு வரி எண் வேண்டுமா என்பது அவரவர் விருப்பம். எண்ணைப் படித்து ‘17 ஜே’ அடிப்பதைவிட, போக வேண்டிய இடத்தின் மூன்று எழுத்தை / போட்டுத் தேடுவது சுருக்கம் என்பது என் கணிப்பு. திரும்பி வர கன்ட்ரோல் ஓ.

கடைசியாகத் தமிழ். இன்சர்ட் மோடில் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் தமிழ் விசைப்பலகையை இயக்கி மெசேஜ் அடிக்கிறீர்கள்; எஸ்கேப் போட்ட பிறகும் விசைப்பலகை தமிழிலேயே இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையில் ‘ஜே’ அழுத்தினால் விம்முக்குப் போவது ‘ப’. அதற்கு விம்மில் எந்தக் கமாண்டும் இல்லை, சும்மா நிற்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்தை எப்போதும் ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, தமிழ் மாற்றத்தை விம்முக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் கீமேப் என்ற வசதி. விம்மோடு தமிழுக்கு வரும் கீமேப் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்துக்கானது, யூனிகோடில் பயன்படாது; நீங்களே ஒன்று எழுத வேண்டும். விம் அடைவுக்குள் கீமேப் என்ற துணை அடைவில் ஒரு ஃபைல். மேலே குறியேற்றம் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி, பிறகு ‘லோட்கீமேப்’, அதற்குக் கீழே விசையும் எழுத்துமாக வரிக்கு ஒன்று. தமிழ்99 அமைப்பில் ஹெச் என்றால் க, ஹெச் க்யூ என்றால் கா, ஹெச் எஃப் என்றால் க். ஆக 247 எழுத்துக்கு 247 வரி. கிரந்த எழுத்துக்கு மேலும் கொஞ்சம். கையால் அடிக்காதீர்கள், பதினெட்டு மெய்யையும் பன்னிரண்டு உயிரையும் இரண்டு லூப்பில் ஓட்டினால் பைதான் எழுதித் தந்துவிடும்.

தமிழ்99-இன் தானியங்கிப் புள்ளியை (மெய்யெழுத்தின் புள்ளியைத் தானே இடும் வசதியை) இந்த ஃபைலில் சேர்க்க ஆசைப்படாதீர்கள். ஹெச் ஹெச் என்றால் க்க என்று ஒரு வரி போட்டால், க்கா அடிக்கும்போது அது முந்திக்கொண்டு ‘க்கஆ’ என்று விழும். எஃப் விசையால் புள்ளியை நீங்களே இடுங்கள். இரண்டு விசைக்கு நடுவில் ஒரு விநாடிக்கு மேல் தயங்கினாலும் இதே ‘கஆ’ கதை நடக்கும், ‘டைம்அவுட்லென்’ மதிப்பை 3000 ஆக்கினால் நிதானமாக அடிக்கலாம். இன்சர்ட் மோடில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற கன்ட்ரோலோடு ^, அதாவது 6 இருக்கும் விசை. எஸ்கேப் போட்டதும் கமாண்ட் எல்லாம் ஆங்கில விசையாகவே போகும். ஒரு விதிவிலக்கு: ‘எஃப்’, ‘டீ’, ‘ஆர்’ விசைகளுக்குப் பின் தட்டும் எழுத்து மட்டும் தமிழாக வரும், அது வசதிதான். டெர்மினலில் கர்சர் ஒரு எழுத்து தள்ளி நிற்பதுபோல் தெரிந்தால் ஃபைல் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். உயிர்மெய்யின் அகலத்தை டெர்மினல் ஒரு விதமாகவும் விம் வேறு விதமாகவும் கணக்கிடுவதால் வருவது. கன்ட்ரோல் எல் அழுத்தித் திரையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அதற்கும் அடங்காத நீண்ட தமிழ் மெசேஜ்களை நிரலுக்குள் வைக்காமல் தனி மொழிபெயர்ப்பு ஃபைலில் போட்டு, அதை மட்டும் உங்கள் லேப்டாப்பில் திருத்துங்கள்.